எதிரே ஆள் வரும்வரை நில்

கம்ப்யூட்டர் டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த சொல் எது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடும்: "தொடாதே."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் எட்டுக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் மூன்றுதான் உயிரோடு இருந்தன. மூன்றிலும் ஒன்றுக்குக் கிளம்ப மனசு வர வேண்டுமானால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதுவும் டீச்சர் கையால்தான் தட்ட வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு விரல் வைத்தாலும் அந்த மூன்றும் போய்ச் சேர்ந்துவிடும் என்று டீச்சருக்குப் பயம். அதனால் எட்டுக்கும் பூப்போட்ட உறை போட்டு வைத்திருந்தார். தையல்கடை வைத்திருக்கும் அவர் கணவர் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த உறைகள் அவை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, "மானிட்டர் ஒரு வெளியீட்டுக் கருவி" என்று பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். வெளியீட்டுக் கருவி உறைக்குள் தூங்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ஐந்து நாள் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புதுப் பெட்டிகளைக் கண்ணால் பார்க்கலாம், முடிந்தால் ஒன்றிரண்டு கேட்டும் வரலாம் என்று டீச்சர் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போனார். போன இடத்தில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர்தான் ஒன்றுகூட இல்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், டீச்சரை விடப் பத்து வயது சின்னவள், கையில் ஒரு கயிற்றுச் சுருளும் ஒரு பெட்டி சாக்பீஸும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கம்ப்யூட்டரைக் காணோமே?" என்று ஒருவர் கேட்டார்.

"அது வரும்போது வரட்டும் சார். நாம முதல்ல நடப்போம்" என்றாள் அவள்.

நடக்கத்தான் வைத்தாள். தரையில் ஆறு கட்டம் போட்டாள். ஆறு கட்டத்திலிருந்தும் கோடுகள் கிளம்பிப் பன்னிரண்டு வட்டங்களில் ஒன்றையொன்று சந்தித்துப் பிரிந்து, மறுமுனையில் மறுபடி ஆறு கட்டங்களாக முடிந்தன. ஆறு பேர் கையில் ஆளுக்கொரு எண் அட்டை. விதி ஒன்றுதான். வட்டத்தில் இரண்டு பேர் சந்தித்தால் அட்டையைக் காட்டிக்கொள்ள வேண்டும். சின்ன எண் இடது கோட்டில் போகும், பெரிய எண் வலது கோட்டில் போகும். அடுத்த வட்டத்திலும் அதே விதி. டீச்சர் ஓரமாக நின்று பார்த்தார். கலைந்து கிடந்த ஆறு எண்களும் மறுமுனையில் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வந்து நின்றன. யாரையும் யாரும் இங்கே நில் என்று சொல்லவில்லை. முழு வரிசையை ஒருவரும் பார்க்கவில்லை. அவரவருக்குத் தெரிந்தது எதிரே நின்ற ஓர் ஆள்தான்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. "கணினி தகவல்களை வரிசைப்படுத்தும்" என்று பதினான்கு வருடமாகப் பலகையில் எழுதிப் போட்டவருக்கு, அது எப்படி என்று கேட்க ஒரு தரமாவது தோன்றியிருக்கிறதா? வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர் நைசாக நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டின் முன்னறைதான் தையல்கடை. கணவர் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தத் தையல் சாக்பீஸைக் குடுங்க."

"அதுவே தேய்ஞ்சு நகம் மாதிரி இருக்கு. எதுக்கு?"

"தரையில கோடு போட."

"தரைக்கு அளவு எடுத்தாச்சா?" என்று கேட்டபடியே கொடுத்தார்.

டீச்சர் மண்டி போட்டுக் கோடு இழுத்தார். ஆறு பேர் வேண்டுமே? கணவர் ஒன்று, மாமியார் இரண்டு. சட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாவும் அவர் தங்கையும் அகப்பட்டுக்கொண்டார்கள். பேண்ட் இடுப்பைத் தளர்த்தித் தைக்க வந்திருந்த பஸ் டிரைவர் ஐந்தாவது. ஆறாவதுக்கு ஆள் இல்லை. கடையின் மூலையில் தலையில்லாத சட்டைப் பொம்மை ஒன்று சக்கரக் காலில் நின்றது. அதன் நெஞ்சில் இருபத்தைந்து என்று எழுதிக் குத்தி, டீச்சரே தள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் வட்டத்திலேயே வம்பு. மாமியார் கையில் மூன்று. எதிரே வந்த அவர் மகன் கையில் நாற்பது.

"இவனைப் பெத்தவ நான். எனக்கு மூணு, இவனுக்கு நாப்பதா? அட்டையை மாத்துடி."

"அத்தை, இது மரியாதைக் கணக்கு இல்ல. சும்மா நம்பர்."

"எந்த நம்பரும் சும்மா இல்ல. நான் வலது பக்கம்தான் போவேன்."

"அம்மா, ஒன்வேயில எதிர்ல ஏறாதீங்க, எனக்கு இடிக்குது" என்றார் பஸ் டிரைவர்.

ஒருவழியாக மாமியாரை இடது பக்கம் திருப்பினார்கள். அப்போது பார்த்துக் கணவரின் போன் அடித்தது. அவர் கோட்டை விட்டிறங்கி, "நாளைக்கு ரெடிங்க, காஜா, பட்டன் மட்டும்தான் பாக்கி" என்று பேசப் போய்விட்டார். அவருக்காக வட்டத்தில் நின்ற பக்கத்து வீட்டம்மா கொஞ்சம் பார்த்தார். "வராத ஆளுக்கு எவ்வளவு நேரம்தான் நிக்கறது?" என்று தன் பாட்டுக்கு வலது கோட்டில் நடையைக் கட்டினார். அவரைப் பார்த்து அவர் தங்கையும் கிளம்பினார். கடைசியில் பார்த்தால் பொம்மை முதலாவதாக நிற்கிறது, மாமியார் வெற்றி பெற்றவர்போல் கடைசிக் கட்டத்தில் நிற்கிறார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு டீச்சர் ஓர் அட்டையை எடுத்து, பள்ளிக்கூடத்துக்கென்று இரண்டாவது விதி எழுதினார். "எதிரே ஆள் வரும்வரை நில். பேசாதே. சிரிக்காதே. யார் சொன்னாலும் நகராதே." எழுதியதைத் தூக்கிப் பிடித்துப் படித்துப் பார்த்தார். ஓட்டை ஒன்றும் தெரியவில்லை.

பயிற்சி முடிந்து பள்ளிக்கூடம் போன அன்றே தலைமை ஆசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார். எதையும் நின்றுகொண்டே பேசுகிறவர் அவர்.

"வியாழக்கிழமை அதிகாரி வராங்க டீச்சர். இங்க கம்ப்யூட்டர் பீரியடு வேணுமா வேண்டாமான்னு பார்க்கத்தான் வராங்க. வேண்டாம்னு எழுதிட்டா அந்த ரூம் ஸ்டோர் ரூமாயிடும். ரெண்டு பீரியடும் கணக்குக்குப் போயிடும். நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து லெட்டர் அடிக்க வேண்டியதுதான்."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். "மேடம், பயிற்சியில ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. தரையில கோடு போட்டு..."

"நொண்டியடிக்கிற கட்டமெல்லாம் அன்னைக்கு வேண்டாம். அந்த மூணையும் துடைச்சு ஓட வைங்க. பிள்ளைங்களை முன்னால உட்கார வைங்க. மதியம் ரெண்டு மணிக்குத்தான் வராங்க, நிறைய நேரம் இருக்கு."

"சரி மேடம்" என்றார் டீச்சர். எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

வெளியே கணக்கு வாத்தியார் நின்றிருந்தார். "ரெண்டு பீரியடுக்கும் நன்றி டீச்சர். பின்னாடி மறந்துடுவேன், இப்பவே சொல்லிடறேன்" என்றார். அவர் கிண்டலில் விஷம் கிடையாது. ஆனாலும் சுருக்கென்று குத்தியது.

வியாழக்கிழமை மதிய உணவுக்கு முந்தின பீரியடு டீச்சருடையது. அதிகாரி இரண்டு மணிக்கு வரட்டும், லேபையே காட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரே ஒரு தரம், யாருக்கும் தெரியாமல், பிள்ளைகளை நடக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நாளைக்கு லெட்டர் அடிக்கப் போனால் இது கிடைக்குமா? ஆடு திருடினவர்போல் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்தில் கோடு போட்டார்.

முப்பது பிள்ளைகள், ஐந்து அணி. முதல் அணியின் ஆறு பேரும் கட்டத்தில் ஏறினார்கள். மற்றவர்கள் பின்னால் அணி அணியாக நின்றார்கள். டீச்சர் இரண்டு விதிகளையும் சொல்லிக் கொடுத்தார்.

"மிஸ், தும்மல் வந்தா?" என்றாள் வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தி.

"மெஷின் தும்முமா?"

"எங்க வீட்டு மிக்ஸி தும்மும் மிஸ்."

"நீ மிக்ஸி இல்ல. பேசாம நில்லு."

அப்போதுதான் வாட்ச்மேன் வேகுவேகென்று வந்தார். "டீச்சரம்மா, அதிகாரி வந்துட்டாங்க. லேப் சாவியோட உங்களைக் கூப்பிடறாங்க. நான்தான் கேட்ல கார்டு மாட்டி விட்டேன். எனக்கு எதுக்குன்னாங்க. விசிட்டர்னா யாரா இருந்தாலும் கார்டு போட்டுத்தான் ஆகணும்னு சொல்லிட்டேன்." இரண்டு மணிக்கு வரவேண்டியவர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கார்டு மாட்டிய பெருமை ஒன்றே போதுமாக இருந்தது.

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அஞ்சே நிமிஷம். நீங்க நடந்துக்கிட்டே இருங்க. ரூல் என்ன?"

"எதிரே ஆள் வரும்வரை நில்" என்றன முப்பது குரல்கள்.

டீச்சர் ஒரு பக்கமாக ஓட, இன்னொரு பக்கமாகத் தலைமை ஆசிரியை வந்தது அவருக்குத் தெரியாது. வாசலில் இருந்த வரவேற்புப் பலகை வெறுமையாகக் கிடந்தது. முதல் அணியில் ஐந்தாவது கட்டத்தில் நின்றவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைமை ஆசிரியை அவசரத்தில் தரைக் கோட்டைக்கூடக் கவனிக்காமல் அவள் கையைப் பிடித்தார். "மேடம், நான் பதினேழு..." என்று அவள் இழுத்தாள். "வயசை அப்புறம் சொல்லு, வா" என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் முதல் வட்டத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

லேபில் நடந்ததைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். கழுத்தில் பதினான்கு என்று போட்ட விசிட்டர் கார்டு. கையில் ஒரு பழுப்பு ஃபைல். இரண்டு கம்ப்யூட்டர்கள் கிளம்பின. மூன்றாவதை அதிகாரி முன்னால் தட்ட டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அது ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது. அதிகாரி நடந்துபோய் ஐந்தாவது பெட்டியின் பூப்போட்ட உறையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது எப்ப கடைசியா ஓடுச்சு?"

"உறை புதுசு மேடம்" என்றார் டீச்சர்.

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளைங்க எங்க?"

"முற்றத்துல மேடம்."

அவர்கள் நடக்கும்போதே சாப்பாட்டு மணி அடித்தது. எல்லா வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் அணை உடைந்த மாதிரி டிபன் டப்பாக்களோடு கொட்டினார்கள். முற்றத்தைச் சுற்றி அத்தனை இரைச்சல். நடுவில், உச்சி வெயிலில், இருபத்தொன்பது பிள்ளைகள் நட்டு வைத்த கம்பம்போல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் இமைகூடக் கொட்டவில்லை. மற்ற வகுப்புப் பையன்கள் முகத்துக்கு முன்னால் போய்க் கையை ஆட்டிப் பார்த்தார்கள். அசைவில்லை.

அதிகாரி நின்றுவிட்டார். "வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க. என்ன தப்பு பண்ணாங்க?"

"தப்பெல்லாம் இல்ல மேடம்..."

அதிகாரி ஒரு வட்டத்தில் தனியாக நின்ற மூக்குக்கண்ணாடிப் பெண்ணிடம் குனிந்தார். "ஏம்மா, எவ்வளவு நேரமா நிக்கற?" அவள் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொன்று என்ற அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். மூக்கின் மேல் வியர்வை வழிந்து கண்ணாடி சறுக்கியது. அதைத் தள்ளிவிடக்கூட அவள் கை எழவில்லை.

"பதில் சொல்லக்கூடப் பயப்படறாங்க" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பதினான்கு வருடம் அந்தப் பேனா முனையில் வந்து நின்றது. ஓடுங்க என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்தச் சொல் டீச்சர் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவர் கண், கண்ணாடிக்காரிக்கு எதிரே காலியாகக் கிடந்த பாதி வட்டத்தில் விழுந்தது. முதல் அணியை எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்துதான். வரவேண்டிய ஒருத்தி வராததால் இவள் நிற்கிறாள். இவள் நிற்பதால் அடுத்த வட்டத்துக்காரன் நிற்கிறான். அவனுக்காக இன்னொருத்தி. அவர்கள் கோடு காலியாகாததால் பின்னால் நான்கு அணி. டீச்சருக்குள் ஏதோ கிளுகிளுவென்று ஏறி வந்து, அடக்க அடக்க, வாய்வழியே பீறிட்டது.

"சிரிக்கிறீங்களா?"

"மேடம், ஹேங் ஆயிடுச்சு."

"எது?"

"பிள்ளைங்க மேடம்."

அதிகாரி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. டீச்சர் மூச்சு விடாமல் சொன்னார். கோடு, வட்டம், சின்ன எண் இடது, பெரிய எண் வலது, எதிரே ஆள் வரும்வரை நில். வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. "யாரோ ஒருத்தியை இடையில கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம். அவ்வளவுதான். ஒரு ஆள் வரல, மொத்த மெஷினும் நிக்குது. பயத்துல நிக்கல மேடம். சொன்னதைச் சொன்னபடி செய்யறாங்க."

"நீங்க போங்கன்னா போயிடுவாங்கல்ல?"

"போயிடுவாங்க. ஆனா வரிசை தப்பாயிடும்." டீச்சரின் கண் அதிகாரியின் கழுத்தில் தொங்கிய கார்டில் போய் நின்றது. சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "மேடம், உங்க நம்பர் பதினாலு. அந்த அஞ்சாவது கட்டத்துல ஏறுறீங்களா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அதிகாரி ஃபைலை டீச்சர் கையில் கொடுத்தார். ஐந்தாவது கட்டத்தில் ஏறினார். கோட்டில் ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து, விளிம்பில் நடப்பவர்போல் நடந்து வட்டத்துக்கு வந்தார். கண்ணாடிக்காரி கார்டைப் பார்த்தாள். தன் முப்பத்தொன்றைக் காட்டினாள். பேசக்கூடாதே, அதனால் தாடையால் இடது பக்கம் காட்டிவிட்டு, வலது கோட்டில் புறப்பட்டாள்.

முற்றம் முழுக்க உயிர் வந்தது. இங்கே ஒருவன் நகர, அங்கே ஒருத்தி நகர, நின்றதெல்லாம் நடந்தது. அதிகாரி அடுத்த வட்டத்தில் இருபத்திரண்டைச் சந்தித்து இடது போனார். அதற்கடுத்ததில் ஒரு குள்ளப் பையன் எட்டைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான், வலது. அதற்குள் அவர் நடை ஓட்டமாகியிருந்தது. கார்டு முதுகுப் பக்கம் புரண்டுவிட, "இருப்பா, இருப்பா" என்று அதைத் தேடி இழுத்துக் காட்டினார். சுற்றி நின்ற கூட்டம் டிபன் டப்பாவைத் தட்டித் தாளம் போட்டது.

கடைசிக் கட்டங்களில் ஆறு பேர் நின்றார்கள். ஐந்து, எட்டு, பதினான்கு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பத்தாறு. மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்க நின்ற அதிகாரி, இடது பக்கம் எட்டிப் பார்த்தார், வலது பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னை இங்க நில்லுன்னு யாருமே சொல்லலையே" என்றார்.

"ஆமா மேடம்" என்றார் டீச்சர். "அதுதான் மேடம்."

அந்த நேரத்தில் தலைமை ஆசிரியை வந்து சேர்ந்தார். அதிகாரி சாக்பீஸ் கட்டத்துக்குள் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பின்னால் வந்த முத்தெழுத்துக்காரிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

"மேடம், அது என் இடம்."

"உன் நம்பர் என்ன?"

"பதினேழு."

அதிகாரி எட்டைப் பார்த்தார், இருபத்திரண்டைப் பார்த்தார், உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "பதினேழுன்னாலும் இதே இடம்தான்" என்றார், கண்டுபிடித்துவிட்ட குழந்தை முகத்தோடு.

அதற்குப் பிறகு தலைமை ஆசிரியையின் அறையில் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. அதிகாரி எழுதியதை எழுதிவிட்டு வாயாலும் சொன்னார். "பீரியடு ரெண்டும் இருக்கட்டும். ரூமைத் தொட வேண்டாம். அந்த முற்றத்தையும் இவங்களுக்கு விட்டுடுங்க." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அஞ்சு பெட்டி செத்துக் கிடக்குதே, அதுக்கு எதுக்கும்மா பூப்போட்ட சட்டை? கழட்டிப் பிள்ளைங்க கையில குடுங்க. திறந்து பார்க்கட்டும்."

"தொடலாமா மேடம்?" என்று கேட்டார் டீச்சர்.

தலைமை ஆசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி விசிட்டர் கார்டைக் கழற்ற மறந்து காரில் ஏற, வாட்ச்மேன் பின்னாலேயே ஓடினார். கணக்கு வாத்தியார் கை கழுவிக்கொண்டே, "சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கிக்கறேன் டீச்சர்" என்றார். டீச்சர் காற்றில் நடப்பவர்போல் முற்றத்துக்கு வந்தார்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அணிகள் தாமாகவே நடந்து முடித்துச் சாப்பிடப் போயிருந்தன. ஐந்தாவது அணி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஐந்து பேர். ஆறாவது ஆள் தண்ணீர் குடிக்கப் போனவன், அப்படியே சாப்பாட்டு வரிசையில் கலந்துவிட்டான். வட்டத்தில் வாயாடி நின்றாள். அரை மணி நேரத்துக்கும் மேலாக அவள் பேசவில்லை. பிறந்ததிலிருந்து இதுதான் அவள் அதிகநேரம் பேசாமல் இருந்தது. முகம் சிவந்து, கன்னம் உப்பிப் போயிருந்தது. கையில் பன்னிரண்டு.

டீச்சர் தன் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பதினொன்று. ஓரமாக நின்று பார்த்ததும் பொம்மையைத் தள்ளியதும் தவிர, தனக்கென்று ஓர் எண்ணோடு அந்தக் கோட்டில் கால் வைத்ததே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைச் சரிசெய்துகொண்டு கட்டத்தில் ஏறினார். வட்டத்தில் வந்து அட்டையைக் காட்டினார்.

வாயாடி பதினொன்றைப் பார்த்தாள், தன் பன்னிரண்டைப் பார்த்தாள். ஒரு எண்தான் வித்தியாசம். ஆனாலும் டீச்சரை விடப் பெரியவள். தலையை நிமிர்த்தி, ஒரு விரலை நீட்டி, டீச்சருக்கு இடது பக்கம் வழி காட்டினாள்.

டீச்சர் போனார். சிரிக்கக்கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான். அடுத்த வட்டம் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.